எம்.சி.யும் ஜி.டபிள்யூ.ஓ.பி.யும்: சட்டப் புத்தகத்தில் இல்லாத மூன்றாவது தகப்பன்

எங்க ஊர் மேலப்பாளையத்தில் ஒரு இளம் ஜோடி பிரிந்தால் ரெண்டு வசனம் கட்டாயம் காதில் விழும். பெண் வீட்டில், "மொதல்ல பிள்ளைக்குக் காசு அனுப்பட்டும், பொறவு வந்து பார்க்கட்டும்." பையன் வீட்டில், "மொதல்ல பிள்ளையக் காட்டட்டும், பொறவு காசு அனுப்புதோம்." ரெண்டும் ஒரே வசனம்தான், முன்பின்னாக மாற்றிப் போட்டது. இது எங்க ஊருக்கு மட்டும் சொந்தமான விஷயம் இல்லை. பேட்டையிலும் இதேதான், டவுனிலும் இதேதான். மதம், சாதி எதுவும் இதில் வித்தியாசம் பண்ணுவதில்லை.

ஆனால் பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போனால் இந்த ஒரே வசனம் ரெண்டு துண்டாகிவிடும். பிள்ளைக்குச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அதற்குப் பெயர் எம்.சி. பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் ஜி.டபிள்யூ.ஓ.பி. வேற நம்பர், வேற கட்டு, வேற வாய்தா. ஒன்றில் தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக மற்றொன்று நகராது. நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். என் பாஷையில் சொன்னால் இது ரெண்டு தனித்தனி டேபிள், நடுவில் எந்தக் கீயும் கிடையாது.

இதைத் தோண்டத் தொடங்கியது ஒரு பையன் கேட்ட கேள்வியால். அடையாளம் சொல்லப்போவதில்லை. வளைகுடாவில் வேலை, வயது முப்பதுக்குள். மனைவி பிள்ளையோடு தாய் வீட்டில். ஜமாத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு பேப்பர் எழுதினார்கள்: மாதம் இவ்வளவு அனுப்ப வேண்டியது, லீவுக்கு வரும்போது பிள்ளையைக் காட்ட வேண்டியது. ஒரே வாக்கியம், நடுவில் ஒரு கமா. சில மாதம் ஓடியது. பிறகு ஒரு லீவில் பிள்ளையைக் காட்டவில்லை என்று இவன் பணத்தை நிறுத்தினான். அவர்கள் எம்.சி. போட்டார்கள். "அண்ணே, அந்தக் கேஸ்லயே பிள்ளையப் பார்க்க உத்தரவு கேட்க முடியாதா?" என்று கேட்டான். முடியாதாம், அதுக்குத் தனியா போடணும்னு வக்கீல் சொல்லிவிட்டார். ஏன் தனி என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். பிள்ளைக்கும் மனைவிக்கும் பராமரிப்புத் தொகை கேட்கும் வழி குடும்பச் சட்டத்தில் பிறந்தது இல்லை. அது 1861ஆம் வருட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிறந்தது. திருட்டு, அடிதடி, கலவரம் எல்லாம் விசாரிக்கிற முறையைச் சொல்லும் புத்தகத்தில், மனைவி மக்களைக் கவனிக்காத ஆளிடம் மாஜிஸ்திரேட் மாதம் 50 ரூபாய்க்கு மேற்படாமல் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு. 1872ல் அதைத் திருத்தி எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். இது தெருவில் திரிகிறவர்கள் பெருகாமல் தடுக்கும் ஏற்பாடு என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். குடும்பப் பாசமோ மதக் கடமையோ அதில் பேச்சே இல்லை. பட்டினி கிடக்கிறவள் பிச்சை எடுப்பாள், பிள்ளை திருடும், அது போலீசுக்குத் தலைவலி, அதனால் ஓடிப்போன புருஷனைப் பிடி. அவ்வளவுதான் கணக்கு.

இந்தப் பிறப்பினால் ஒரு நன்மையும் வந்தது. போலீஸ் விஷயம் என்பதால் யார் என்ன மதம் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கல்யாணத்தில் பிறந்த பிள்ளையா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் பணம் உண்டு என்று 1861லேயே எழுதியிருந்தது. அந்தக் காலத்து ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் அவ்வளவு தாராளமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டாதவனுக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில். ஜெயிலுக்குப் போய்வந்தால் பாக்கி தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அப்படி இல்லை, உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் கடன்தான் என்று 1980களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்த 50 ரூபாயின் கதை தனிக்கதை. 1923ல் அது 100 ஆனது. 1955ல் 500. 1973ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து, பழைய 488ஆம் பிரிவு 125ஆம் பிரிவு ஆனபோதும் அதே 500. மொத்தமாக 500 என்று சட்டத்தில் இருந்ததால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எல்லாம் சேர்த்தே 500தானா என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இல்லை, தலைக்கு 500 வரை என்று 1978ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அந்த உச்சவரம்பு ஒழிந்தது 2001ல். 46 வருஷம்! தறி போட்டுப் பிழைத்த மேலப்பாளையம், பீடி சுற்றிப் பிழைக்கும் மேலப்பாளையமாகி, வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாடு போகும் மேலப்பாளையமாகவும் ஆகிவிட்டது. அத்தனை காலமும் ஒரு பிள்ளைக்கு நீதிமன்றம் கொடுக்கச் சொல்லக்கூடிய உச்சபட்சத் தொகை மாறவே இல்லை. 1955ல் 500 ரூபாய் என்பது பெரிய பணம். 2001ல் அது பிள்ளையின் பள்ளிக்கூட வேனுக்குக்கூட வராது.

நடுவில் ஷா பானு வழக்கு. எல்லாருக்கும் தெரிந்ததுதான், விரிவாகப் போகவில்லை. 1932ல் திருமணம், ஐந்து பிள்ளைகள், 1975ல் வீட்டைவிட்டு வெளியே. மாஜிஸ்திரேட் மாதம் 25 ரூபாய் போட்டார், உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. அந்த 20 காசை யார், எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். 1985ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, நாடே ரெண்டுபட்டது, 1986ல் முஸ்லிம் பெண்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. இதெல்லாம் மனைவியைப் பற்றிய சண்டை. அந்தச் சண்டையில் ஓசையில்லாமல் அடிபட்டது பிள்ளை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

1986 சட்டத்தில் ஒரு வரி: விவாகரத்தான பெண் தன்னிடம் உள்ள பிள்ளையை வளர்த்தால், பிள்ளை பிறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னாள் கணவர் அவளுக்கு நியாயமான தொகை கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வருடம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பால்குடி காலத்தை இரண்டு வருடம் என்கிறது. ஆனால் வரியை மட்டும் பிடித்துக்கொண்ட சிலர், இரண்டு வயதுக்குப் பிறகு பிள்ளைக்குத் தகப்பன் எதுவும் தர வேண்டியதில்லை என்று வாதாடத் தொடங்கினார்கள். இது மார்க்கச் சட்டத்திலும் இல்லாத சங்கதி. மகன் பருவம் அடையும் வரை, மகளுக்குத் திருமணம் ஆகும் வரை செலவு தகப்பன் பொறுப்பு, பிள்ளை யார் கையில் இருந்தாலும் சரி என்பதுதான் அங்கே உள்ள பொதுவிதி.

இந்த வாதம் பீகாரில் ஒரு வழக்கில் ஜெயித்தும்விட்டது. நூர் சபா காதூன் வழக்கு. 1980ல் திருமணம், இரண்டு பெண், ஒரு பையன். 1992ல் பிள்ளைகளோடு வெளியே அனுப்பப்பட்டார் என்பது அவர் புகார். அப்போது மூத்த பிள்ளைக்கு வயது 6, கடைசிக்கு ஒன்றரை. தனக்கு 400, பிள்ளைக்குத் தலா 300 கேட்டார். 1993 ஜனவரியில் தனக்கு 200, பிள்ளைக்குத் தலா 150 என்று உத்தரவு ஆனது. அதன்பின் கணவர் தலாக் சொல்லிவிட்டு, உத்தரவை மாற்றுங்கள் என்று வந்தார். மனைவியின் தொகை இத்தா காலத்தோடு நின்றது. பிள்ளைகளின் தொகையும் இரண்டு வயது வரைதான் என்று பாட்னா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது 6 வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. 1997 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.எஸ். ஆனந்த், கே. வெங்கடசாமி அமர்வு இதை மாற்றியது. அந்த இரண்டு வருடத் தொகை தாயின் உரிமை. பிள்ளையின் உரிமை 125ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது, தாய் தகப்பனுக்குள் என்ன நடந்தாலும் அது குறையாது. ஷா பானு அளவுக்கு இந்தத் தீர்ப்பு பேசப்படவில்லை. மேலப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தீர்ப்பு என்பது என் கருத்து.

2001 செப்டம்பரில் ஒரே வாரத்தில் ரெண்டு காரியம் நடந்தன: 24ஆம் தேதி 500 ரூபாய் வரம்பு போனது, 28ஆம் தேதி டேனியல் லத்தீஃபி வழக்கில் 1986 சட்டத்துக்குப் பெண்களுக்குச் சாதகமான பொருள் சொல்லப்பட்டது. ஷா பானுவுக்காக வாதாடிய வக்கீல்தான் அந்த லத்தீஃபி. அதற்குப் பிறகு, 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. ரெண்டு பேரும் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், தொகையை மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது அது. 2024 ஜூலை 1 முதல் 125ஆம் பிரிவுக்கு புதுச் சட்டத்தில் 144 என்று நம்பர். ஆக 160 வருஷத்துக்கு மேலாக இந்தப் பிரிவு மனதில் வைத்திருக்கும் தகப்பன் ஒரே ஆள்தான்: ஓடிப்போனவன்.

இப்போது அடுத்த கட்டு, பிள்ளையைப் பார்ப்பது. இதற்கு அடிப்படை 1890ஆம் வருட காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். இது மாஜிஸ்திரேட் பக்கம் வராது, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். இதன் பூர்வீகம் இங்கிலாந்தின் சான்செரி நீதிமன்றம், சொத்துள்ள வீட்டு மைனர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஒன்று ஏழைகளுக்கான போலீஸ் வழி, மற்றது பணக்காரர்களுக்கான சிவில் வழி. கீ ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

மீதிப் பாதி இன்னும் சுவாரஸ்யமானது. 1890 சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பாருங்கள். பிள்ளையைப் போய்ப் பார்க்கும் உரிமை என்று ஒரு பிரிவும் கிடையாது. காரணம், அந்தச் சட்டத்தில் தகப்பன் என்றால் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவன். தகப்பன் உயிரோடு இருந்து தகுதியோடும் இருந்தால் வேறு யாரையும் காப்பாளராக நியமிக்கவே கூடாது என்றது 19ஆம் பிரிவு. அவனுக்கு எதற்குப் பார்வை நேரம்? இங்கிலாந்திலேயே பிள்ளையைப் பார்க்கும் உரிமை என்பது தாய்க்காக வந்த சொல். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் கணவர் 1836ல் மூன்று பையன்களையும் பிரித்து வைத்துக்கொண்டார். சட்டப்படி அவர் செய்தது சரி. அந்த அம்மா எழுதி, போராடி, 1839ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தன்னிடம் கேட்கவும், அதற்கு மேலே உள்ள பிள்ளையைப் பார்க்கவும் தாய் மனு போடலாம் என்று.

இதே இங்கிலாந்தில் பிள்ளையை இழந்த இன்னொரு தாய், பிறகு நம்ம மெட்ராஸ் மாகாணத்தின் மிகப் பிரபலமான தகப்பன் வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றார். அன்னி பெசன்ட். 1873ல் கணவர் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரைப் பிரிந்தார். பிரிவுப் பத்திரப்படி பையன் டிக்பி அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம். 1878ல் கணவர் கோர்ட்டுக்குப் போனார். கடவுள் இல்லை என்று பேசுகிறவள், கருத்தடைப் புத்தகம் பதிப்பித்தவள், இவளிடம் மகள் வளரக்கூடாது என்று மேபலையும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு பிள்ளைகளைப் பார்க்க அனுமதி வாங்கினார் பெசன்ட். ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைக்கு வேதனையாக முடிந்ததால், வளரும் வரை பார்ப்பதே இல்லை என்று தானே நிறுத்திக்கொண்டார். உத்தரவு கையில் இருந்தும் பார்க்க முடியாத நிலை. பாளையங்கோட்டை கோர்ட் வராந்தாவில் இன்று உட்கார்ந்திருக்கிற பலருக்கு இது புரியும். வளர்ந்தபிறகு ரெண்டு பிள்ளைகளும் அவரிடமே வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அடையாறில் 1910ல் பிரம்மஞான சபை ஊழியர், ஓய்வுபெற்ற தாசில்தார் நாராயணையா தன் ரெண்டு பையன்களை பெசன்ட்டின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். மூத்தவர்தான் பிற்பாடு உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. மனசு மாறி 1912ல் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அவர் தரப்பில் சி.பி. ராமசாமி ஐயர், எதிர்த் தரப்பில் பெசன்ட் தானே வாதாடினார். 1913ல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் தகப்பன் ஜெயித்தார், மேல்முறையீட்டிலும் நின்றார். பிள்ளைகளோ இங்கிலாந்தில். 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் ரத்து செய்தது. பிள்ளைகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கவில்லை, வழக்குப் போட்ட முறையே தப்பு, பையன்களிடம் யாரும் கேட்கவும் இல்லை என்று. ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்திருந்த காலத்திலும் நாராயணையா பிள்ளைகளை மீட்கவில்லை. ரெண்டு கோர்ட் தீர்ப்பும் ஒரு கடலைத் தாண்டவில்லை. இப்போது பையன் ஷார்ஜாவில், பிள்ளை மேலப்பாளையத்தில். கடல் அப்படியேதான் இருக்கிறது, இருக்கும் திசைதான் மாறியிருக்கிறது.

ஆக, எம்.சி. புத்தகத்தில் உள்ள தகப்பன் ஓடிப்போனவன். 1890 புத்தகத்தில் உள்ள தகப்பன் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவன். ஓடவும் இல்லை, பிள்ளையும் கையில் இல்லை என்ற மூன்றாவது ஆள் ரெண்டு புத்தகத்திலும் இல்லை. சிறு பிள்ளை தாயிடம் என்று கோர்ட்டுகள் வழக்கமாகக் கொடுக்கத் தொடங்கியபிறகு உருவான ஆள் அவன். வேடிக்கை என்னவென்றால், இஸ்லாமிய ஃபிக்ஹ் நூல்களில் இவன் எப்போதோ இருக்கிறான். ஹனஃபி முறையில் மகன் ஏழு வயது வரை, மகள் பருவம் அடையும் வரை தாயின் வளர்ப்பில். தகப்பன் காப்பாளர், செலவும் அவனுடையது. அவன் பிள்ளையைப் பார்ப்பதைத் தடுக்கக்கூடாது. மேலே சொன்ன 233ஆம் வசனமே தாயும் பிள்ளையால் துன்புறுத்தப்படக்கூடாது, தகப்பனும் பிள்ளையால் துன்புறுத்தப்படக்கூடாது என்று ரெண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. ஜமாத் பேப்பரில் இருந்த அந்தக் கமாவுக்குப் பின்னால் நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. ஆனால் காட்டாவிட்டால் கொடுக்காதே என்று அங்கேயும் எழுதவில்லை.

1984ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தபோதுதான் பிள்ளையைப் பார்ப்பது குறித்த வழக்கு என்ற சொல் அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் பெயரோடு வருகிறது. 125ஆம் பிரிவு வழக்கையும் அதே பிரிவு குடும்ப நீதிமன்றத்திடம் கொடுத்தது. 120 வருஷத்துக்குப் பிறகு ரெண்டும் ஒரே கூரைக்குள் வந்தன. வந்தும் தனித்தனிக் கட்டுதான். மற்றபடி விதிகள் நீதிபதிகள் கையில். 2015ல் சட்ட ஆணையம் 257ஆம் அறிக்கையில் கூட்டுப் பொறுப்பு வேண்டும் என்று சிபாரிசு செய்தது, அது அறிக்கையாகவே இருக்கிறது. 2022ல் சென்னையில் ஒரு தனி நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வரும் கணவருக்கு டீ, பலகாரம் கொடுத்து விருந்தினர்போல நடத்த வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். இரண்டு நீதிபதி அமர்வு பிறகு அதை ரத்து செய்தது. சரியாகத்தான் செய்தது. பிள்ளையைப் பார்க்கும் உரிமைக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்?

கட்டுகள் தனியாக இருப்பதே தப்பு என்றுதான் நான் முதலில் எழுத நினைத்தேன். படிக்கப் படிக்க மனசு மாறியது. பிள்ளையின் பணத்துக்கு எந்த நிபந்தனையும் இல்லை என்பது அந்தப் பழைய போலீஸ் பிரிவின் ஆகப்பெரிய நல்ல குணம். என்னோடு வந்து வாழ்ந்தால் தருகிறேன் என்று கணவன் மனைவியிடம் சொன்னால் அவள் மறுப்பதற்கு நியாயம் உண்டா என்று அந்தப் பிரிவு பார்க்கும். பிள்ளை விஷயத்தில் அந்தப் பேச்சே இல்லை. கீ போட்டால் என்ன ஆகும்? பாட்டி வீட்டில் யாரோ ஒரு மாமா கதவைத் திறக்காததற்குப் பிள்ளைக்குப் பால் பவுடர் கிடையாது என்றாகும். நமக்கு இல்லாதது கீ இல்லை, வேகம். எம்.சி.யில் இடைக்காலத் தொகையை 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 2001 திருத்தம் கெடு வைத்தது. பிள்ளையைப் பார்க்கும் இடைக்கால மனுவுக்கு 1890 சட்டத்தில் அப்படிக் கெடு எதுவும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு. வாப்பா முகம் மறந்துபோக அது போதும்.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ரெண்டு விஷயம் மட்டும் சொன்னேன். ஒன்று, எம்.சி. பாக்கியை இன்றைக்கே கட்டு, பிள்ளையைக் காட்டவில்லை என்பது அங்கே பதில் ஆகாது, உன் ஜி.டபிள்யூ.ஓ.பி.யிலும் அந்தப் பாக்கியைத்தான் முதலில் காட்டுவார்கள். ரெண்டு, யஷிதா சாஹு வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் காட்டு. நேரில் பார்ப்பது தனி, தொடர்பில் இருப்பது தனி, பிள்ளை கையில் இல்லாத பெற்றோர் தினமும் 5-10 நிமிஷமாவது போனிலோ வீடியோ காலிலோ பேச முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. தூரத்தில் இருக்கிறவனுக்கு லீவு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரே வழி அது. பாக்கியைக் கட்டிவிட்டான். வீடியோ கால் மனு அடுத்த வாய்தாவுக்கு வருகிறது.